பிள்ளை கையில் போன்: பெற்றோர் கேட்கிறார்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலை. இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு.

மகளுக்கு 14 வயது. ராத்திரி ஒரு மணி வரை டிக்டாக். போனைப் பிடுங்கி வைக்கலாமா? (சாட்ஸ்வொர்த்)

ஒரு வாரம் பிடுங்கி வைத்தால் ஒரு வாரம் தூங்குவாள். அப்புறம்? சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றுங்கள். இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் அங்கேதான், உங்களுடையதும். அலாரத்துக்கு வேண்டும் என்பாள். ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 60 நிமிடம் என்ற வரம்பை டிக்டாக் 2023-லிருந்து தானாகவே வைக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டு அதைத் தாண்டிவிடலாம் என்பது வேறு விஷயம். ஆனால் வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தால் அந்த வரம்புகூட இருக்காது. முதலில் அதைக் கேளுங்கள்.

பேத்திக்கு 12 வயது. வகுப்பில் எல்லோரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்களாம். (டோங்காட்)

13 ஆகட்டும், தாத்தா. அவள் தோழிகளின் பெற்றோர் இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பாருங்கள். அவர்களும் இதே கவலையில்தான் இருப்பார்கள்.

16 வயது மகன் யாரோ ஒரு பெண் என்று நம்பி அந்தரங்கப் படம் அனுப்பிவிட்டான். இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். (ஃபீனிக்ஸ்)

ஐயா, அவனைத் திட்டாதீர்கள். உங்களிடம் வந்து சொன்னானே, அதுவே பெரிது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் மிரட்டுகிறவனைவிட அப்பாவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்க வேண்டாம். கணக்கின் பெயர், மிரட்டல், பணம் அனுப்பச் சொன்ன எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அந்தத் தளத்தில் புகார் கொடுத்து, பிளாக் செய்யுங்கள். அந்தப் படத்தை மட்டும் உறவினருக்கோ ஆசிரியருக்கோ ஆதாரம் என்றுகூட அனுப்பாதீர்கள். 'டேக் இட் டவுன்' என்று 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது; அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

போலீசிலும் புகார் கொடுங்கள். சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்கப் படத்தை வெளியிடுவது இந்த நாட்டில் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன், எண் 116, இலவசம், அவனே பேசலாம். இன்று இரவு அவனைத் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

காவடிக்குப் பாவாடை தாவணியில் மகள் படம் போட்டாள். நிறத்தைக் கேலி செய்து கமெண்ட். அழுதுகொண்டே இருக்கிறாள். (லெனேசியா)

படத்தை எடுத்துவிடு என்று சொல்லாதீர்கள், அம்மா. எடுப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். இன்ஸ்டாகிராமில் குறிப்பிட்ட சொற்கள் வரும் கமெண்டுகளை மறைக்க வழி உண்டு. எந்தச் சொற்கள் என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். அந்தப் பட்டியலில், "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று நம் வீட்டு விசேஷங்களில் சொல்வதும் வரலாம். வந்தால், அதைச் சொல்லும் அத்தையிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.