பித்தப்பையை எடுத்த பிறகும் வலியா?

கேள்வி: எனக்கு வயது 46. கல் இருக்கிறது என்று லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையே எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் சில நாள் வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது, போய்விட்டது. இப்போது எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வயிறு உப்புசம், வலது பக்கம் லேசாகப் பிடிக்கிறது, உடனே கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. 'உள்ளே கல்லை விட்டுட்டாங்க' என்கிறார் நாத்தனார். பையே இல்லாதபோது கல் எங்கே இருக்கும், டாக்டர்?
– வாசகி, கரூர்

பதில்: நாத்தனார் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது, அதற்கு வருகிறேன். தோள்வலி, ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வந்தது. அது உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும்.

இப்போதைய தொல்லை வேறு. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை வெறும் சேமிப்புத் தொட்டி. தொட்டி போனதும் பித்தநீர் நாள் முழுக்கக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும், அது அதிகமாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் பேதிதான். பலருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகச் சரியாகிவிடும், ஆகாதவர்களுக்கு மருந்து இருக்கிறது. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகச் சாப்பிடுங்கள். வடை, பஜ்ஜி, பரோட்டாவைத் தள்ளிவையுங்கள், ஆனால் இட்லிக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்வதில் தப்பில்லை. பத்தியம் என்று மாதக்கணக்கில் ரசம் சாதத்திலேயே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு, வீண் வேலை அது.

சரி, கல் விஷயம். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கல் நழுவி, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். பையை எடுத்தாலும் நாளம் அங்கேயேதானே இருக்கிறது! அப்படியென்றால் மேல்வயிற்றில் பழைய வலி போலவே பிடித்து முதுகுவரை இழுக்கும், வாந்தி வரும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, மலம் வெளுப்பது, குளிர்க் காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படியே கல் இருந்தாலும் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.

உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒருமுறை காட்டி, கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். இருமும்போது தொப்புள் தழும்பு புடைத்தால் அதையும் காட்டுங்கள், குடலிறக்கமாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.