அந்த எச்சரிக்கை வரட்டும்

வணக்கம் சார்,

அலுவலகத்தில் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வைத்து எந்த பேக்கேஜை (தயார் நிரல் தொகுப்பை) நிறுவினாலும் 'சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' (சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை) என்று நின்றுவிடுகிறது. அதே மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடுகிறது. டீமில் மூத்தவர் ஒருவர் பிப்புக்கு 'டிரஸ்டட் ஹோஸ்ட்' (இந்தத் தளத்தைச் சரிபார்க்காமலே நம்பு என்ற அமைப்பு) சேர்க்கவும், நிரலில் தளங்களோடு பேச உதவும் ரிக்வெஸ்ட்ஸ் பேக்கேஜ் வரும் இடங்களில் 'வெரிஃபை ஈக்குவல் டு ஃபால்ஸ்' (சரிபார்க்காதே) போடவும் சொன்னார். போட்டேன், வேலை நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் 'பாதுகாப்பற்ற கோரிக்கை' என்று எச்சரிக்கை வருகிறது. அதை எப்படி அடக்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அடக்க ஒரே ஒரு வரி போதும். தேடினால் உடனே கிடைக்கும், நான் சொல்லித்தரப் போவதில்லை.

வீட்டில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. மடிக்கணினி அதேதான், பிப்பும் அதேதான், நெட்வொர்க் மட்டும்தான் வேறு. பெரும்பாலும் உங்கள் அலுவலக ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்து கடந்துபோகும் இடைச் சர்வர்) நடுவில் நின்று இணைப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி மறுபடி மூடி அனுப்புகிறது. பிரவுசர் இதற்கு முகம் சுளிக்காது. ஐடி பிரிவினர் தங்கள் ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையான சான்றிதழை) விண்டோஸுக்குள்ளோ மேக்குக்குள்ளோ முன்பே ஏற்றிவைத்திருப்பார்கள். பைத்தான் பக்கம் கதை வேறு. ரிக்வெஸ்ட்ஸ் பார்ப்பது சர்டிஃபை என்ற பேக்கேஜில் வரும் நம்பத்தக்க ரூட் சான்றிதழ்களின் பட்டியலை, அது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் மொசில்லா வைத்திருக்கும் பட்டியலிலிருந்து எடுத்தது. உங்கள் அலுவலகத்தை மொசில்லாவுக்கு எப்படித் தெரியும்?

பிப்பும் முன்பு அப்படித்தான் இருந்தது. 24.2 பதிப்பிலிருந்து, பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயங்குதளத்தின் சான்றிதழ்களையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே முதலில் பிப்பைப் புதுப்பியுங்கள். டிரஸ்டட் ஹோஸ்ட் இல்லாமல் அலுவலகத்தில் இருந்தபடி செய்தால் அதுவும் அதே பிழையில்தான் நிற்கும், வீட்டில் செய்துவிட்டு வாருங்கள்!

ரிக்வெஸ்ட்ஸுக்கு வேறு வழி. ஐடி பிரிவிடம் ரூட் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கோப்பை நோட்பேடில் திறந்தால் 'பிகின் சர்டிஃபிகேட்' என்ற வரி தெரிய வேண்டும். கிறுக்கலாகத் தெரிந்தால் அது பைனரி வடிவம், ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவி வைத்து பெம் எனப்படும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிரஸ்டட் ஹோஸ்ட் ஏன் கூடாது? இணையப் பக்கத்தை நடுவில் ஒருவர் மாற்றினால் தப்பான பக்கத்தைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். பேக்கேஜ் அப்படியல்ல. மூலவடிவில் வரும் பேக்கேஜின் செட்அப் கோப்பு, நிறுவும்போதே உங்கள் உரிமைகளோடு ஓடும். சரிபார்ப்பை அணைத்துவிட்டு பிப் இன்ஸ்டால் போடுவது, முகம் தெரியாதவரிடம் கீபோர்டைக் கொடுப்பது மாதிரி.

மூத்தவரைக் குறை சொல்லவும் மனமில்லை. 2014 டிசம்பரில் பைத்தான் 2.7.9 வரும்வரை, தளங்களோடு இணைக்க அதனுடனேயே வரும் யூஆர்எல்லிப் சான்றிதழைச் சரிபார்க்காமலேயே இணைத்துக்கொண்டிருந்தது. அதில் பழகியவர்களுக்கு இந்தப் பிழை ஒரு புதுத் தொல்லையாகத்தான் தோன்றியது. நானே 'இன்றைக்கு மட்டும்' என்று ஒரு ஸ்கிரிப்டில் ஃபால்ஸ் போட்டேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அந்த ஸ்கிரிப்ட் தினமும் காலை அதே வழியில் பாஸ்வேர்டையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. சான்றிதழ் சரியாக இருந்தால் வழி பத்திரம், அவ்வளவே. பேக்கேஜ் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால், தவறான சரக்கும் அதே பத்திரத்தோடு வந்து இறங்கும். அதற்கு, தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எழுதி, பிப் கட்டளையில் 'ரிக்வயர் ஹேஷஸ்' சேர்த்து நிறுவுங்கள். முதல் தடவை பெயரைச் சரிபார்த்து எழுதுவது உங்கள் பொறுப்பு. பிறகு ஒரு பைட் மாறினாலும் பிப் மறுத்துவிடும்.

சரி, வாங்கிய ரூட் கோப்பை என்ன செய்வது? 'ரிக்வெஸ்ட்ஸ் சிஏ பண்டில்' என்ற சூழல் மாறியில் (நிரல்கள் படித்துக்கொள்ள இயங்குதளத்தில் வைக்கும் அமைப்பில்) அதன் பாதையைக் கொடுக்க வேண்டும். எல்லாம் பெரிய எழுத்து, இடையில் அடிக்கோடு. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். நீங்கள் கொடுக்கும் கோப்பு பழைய பட்டியலோடு சேராது, அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். அலுவலக ரூட் மட்டும் இருந்தால் வீட்டில் எல்லாத் தளமும் பிழை காட்டும். சர்டிஃபையின் பெம் கோப்பை நகலெடுத்து, அதன் கடைசியில் அலுவலகச் சான்றிதழை ஒட்டி, அந்த நகலின் பாதையைக் கொடுங்கள். அப்புறம் ஃபால்ஸ் போட்ட இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.