மாதம் 3000 ரூபாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கல்லூரி நாட்களில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், ஊழியத்துக்குப் போவதாகக் கையை உயர்த்தினேன். அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைகள். போகவில்லை. இப்போது பென்ஷனில் மாதம் 3000 ரூபாய், ஒடிசாவில் இருக்கும் ஒரு மிஷனெரி குடும்பத்துக்காகக் கொடுக்கிறேன். ஆரம்பத்தில் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசியாக வந்த நான்கு கடிதங்களிலும் மழை, பையனுக்கு மலேரியா, அவ்வளவுதான். போகாததற்கு அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ். டீச்சர்,

அபராதம் கட்டுகிறவர்கள் ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். யார் வீட்டுப் பையனுக்கு மலேரியா என்று ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பைபிளில் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தைப் பிரசங்கமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அது காணிக்கைக்கு வந்த பதில் கடிதமும்கூட. காவலில் இருந்த பவுலுக்கு பிலிப்பி ஊர்ச் சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியது. எவ்வளவு வந்தது என்று அவர் எழுதவில்லை. ஆனால் கொண்டுவந்த ஆள் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்ததை இரண்டாம் அதிகாரத்தில் ஆறு வசனங்களுக்கு எழுதுகிறார். ஊரில் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்டுவிட்டார்களே என்று அந்த மனிதர் தவித்ததையும் சேர்த்து. உங்களுக்கு வந்த மலேரியாக் கடிதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில், பின்னாளில் பிஷப்பான வி.எஸ். அசரியா இருந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பினார். அடுத்த வருடம் பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆள், நம் காசு என்பது ஏற்பாடு. 1904இல் முதல் மிஷனெரி, தெலுங்கு நாட்டிலுள்ள டோர்னக்கல் போனார். செயலாளரான அசரியா அங்கே ஊழியராகப் போனது 1909இல். நடுவில் அவர் செய்ததும், ஊர் ஊராகப் போய், போகிறவனுக்காகக் கையேந்தியதுதான்.

என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போடுவார். எங்கே போகிறது என்று கேட்டால் "வடக்கே" என்பார். (கோயிலுக்குக் கொண்டுபோவதற்குள் பாதியில் வண்டு விழுந்துவிடும், அது வேறு கதை.)

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. கொடுக்கிறவர்கள் எண்ணிக்கை கேட்டால் ஊழியர்களும் எண்ணிக்கைதான் எழுதுவார்கள். எத்தனை கிராமம், எத்தனை ஞானஸ்நானம் என்று. மழையைப் பற்றி எழுதுகிறவர் உங்களிடம் பயமில்லாமல் எழுதுகிறார். அதைக் கெடுத்துவிடாதீர்கள். பணக்கணக்கு வேண்டுமானால் அவர்களை அனுப்பிய சங்கத்தின் அலுவலகத்தில் தணிக்கை அறிக்கை கேளுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. கணக்கு டீச்சருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன் எத்தனாவது படிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அவனுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்து அனுப்புங்கள். கணக்கில் எது வரவில்லை என்று கேளுங்கள்.