எப்பிங் காடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மகள் வீட்டுக்கு செப்டம்பரில் வருகிறேன். மூன்று மாதம் இருப்பேன். இங்கிலாந்தின் பழைய காடு ஒன்றைப் பார்க்க ஆசை. முழங்கால் வலி உண்டு, அரை நாளுக்கு மேல் நடக்க முடியாது. மகளிடம் கார் கிடையாது. எங்கே போகலாம்?
– வாசகி, திருச்சி

அம்மா, உங்களுக்கு எப்பிங் காடுதான். லண்டனின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துக்குள் 19 கி.மீ. நீளும் ஒடுங்கிய காடு அது. பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர். மன்னர்கள் மான் வேட்டையாடிய இடம்.

உட்கிரேஞ்ச் பார்க் நிலையத்தில் ஓவர்கிரவுண்டு ரயில் ஏறி வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோட்டில் இறங்குங்கள். ஐந்து நிமிடம் நடந்தால் வால்தம்ஸ்டோ சென்ட்ரல். அங்கே சிங்ஃபோர்டு ரயில். சிங்ஃபோர்டுதான் கடைசி நிலையம், தவறவிட முடியாது. லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரோ வங்கி அட்டையோ போதும், தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம்.

நிலையத்திலிருந்து ரேஞ்சர்ஸ் ரோடு பக்கம் பத்து நிமிடம் நடந்தால் எலிசபெத் ராணியின் வேட்டை மாளிகை. பெயரில்தான் எலிசபெத், 1543இல் கட்டியவர் அவருடைய தந்தை எட்டாம் ஹென்றி. மூன்று அடுக்கு, முழுக்க ஓக் மரச்சட்டம். அந்தக் காலத்தில் மேல்தளத்துக்குச் சுவரும் சன்னலும் கிடையாது. மேலே நின்று வேட்டையைப் பார்ப்பதற்கும், அங்கிருந்தே மானை எய்வதற்கும் கட்டிய மேடை. படிகள் அகலமாக, உயரம் குறைவாக இருக்கும். ராணி குதிரையோடு ஏறினார் என்ற கதை அதனால்தான் வந்திருக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கும் அந்தப் படி நல்லதுதான். எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்று மகளை முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள்.

அதைத் தாண்டி கன்னாட் வாட்டர் என்ற ஏரி. சுற்றிலும் சக்கர நாற்காலி போகக்கூடிய சமமான பாதை இருக்கிறது. மெதுவாக ஒரு சுற்று வந்தாலே உங்கள் அரை நாள் நிறைந்துவிடும். நடுவழியில் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள், முன்னதாகவே போய்விட்டு வாருங்கள்.

நாள் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். செப்டம்பரில் காடு இன்னும் பச்சைதான். ஹார்ன்பீம் மரங்கள் அக்டோபர் நடுவில் மஞ்சளாகும். பீச் மரங்கள் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் பத்துத் தேதிவாக்கில் செம்பு நிறம் காட்டும். அந்த இரண்டு வாரத்துக்குள், காற்று பலமாக அடிக்காத ஒரு நாளைப் பிடியுங்கள். ஒரே ஒரு புயல் ராத்திரி எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். சேலைதான் கட்டுவீர்கள் என்றால் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, உள்ளே கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்து முட்புதர்கள் சேலையை விடாது.

எப்பிங் காட்டில் பல மரங்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே திடீரென்று பருத்து, அங்கிருந்து ஏழெட்டுக் கிளைகளாக மேலே போகின்றன. இது நோயா?
– வாசகர், இல்ஃபோர்டு

நோய் இல்லை, கோடரி. நூற்றாண்டுக் கணக்கில் மனிதக் கை பட்டு வளர்ந்த உருவம் அது. நம் ஊரில் பூவரசையும் வேம்பையும் கிளை கழிப்பார்களே, அதே வேலைதான். தரையிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் கிளைகளை மொத்தமாக வெட்டுவார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் புதுக் கிளைகள் விறகுக்கு ஆகும் அளவு பருத்ததும் மறுபடி வெட்டு. இப்படிக் கழித்த மரத்தைப் பொல்லார்ட் என்பார்கள்.

அவ்வளவு உயரத்தில் ஏன்? கீழே மானும் மாடும் மேயும். அடியோடு வெட்டினால் மறுதாம்புக் கரும்புபோல் தளிர் வரத்தான் செய்யும், ஆனால் மறுநாளே கடித்துத் தீர்த்துவிடும். வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினால் கீழே மேய்ச்சல், மேலே விறகு. ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல்.

காட்டை ஒட்டிய லௌட்டன் ஊர் மக்களுக்கு இந்த விறகு உரிமையாகவே இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 வரை வெட்டலாம். அந்த முதல் நள்ளிரவில் வெட்டைத் தொடங்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று நம்பி, குளிரில் தீ மூட்டிக் காத்திருந்து முதல் கிளையை வெட்டுவார்கள். 1860களில் நில உரிமையாளர் காட்டை வேலியிட்டபோதும் வில்லிங்கேல் என்ற கூலிக் குடும்பம் வெட்டுவதை நிறுத்தவில்லை. 1866இல் அந்தக் குடும்பத்து ஆண்கள் சிறைக்குப் போனார்கள். 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்து வேலிகள் விழுந்தன, காடு பொதுமக்களுக்கு ஆனது. ஆனால் அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையையும் நிறுத்தியது. அதற்கு ஈடாக ஊருக்கு ஒரு மண்டபம் கிடைத்தது. 1884இல் கட்டிய லாப்பிங் ஹால் இன்றும் லௌட்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. காட்டுக்குப் போகுமுன் அதன் எதிரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கிளை கழிப்பதன் பெயரையே தாங்கிய கட்டடம் வேறெங்கே பார்க்கப் போகிறீர்கள்?

வெட்டு நின்றதன் விளைவைத்தான் நீங்கள் இப்போது பார்க்கிறீர்கள். விறகாக இருக்க வேண்டிய குச்சிகள் ஒவ்வொன்றும் தனி மரமளவு தடித்துவிட்டன. பல மரங்களில் கிளைகளுக்கு வயது சுமார் 140 முதல் 160, கீழே தண்டுக்கோ பல நூறு. தலை கனத்துப்போய், பெருங்காற்றில் கிளைப்பிரிவிலேயே பிளந்துவிடுகின்றன. மேலே இலை கூரையாக மூடியதால் தரைக்கு வெயில் இல்லை. முன்பு புல்லும் பூவும் இருந்த இடத்தில் இன்று சருகுதான். சில பகுதிகளில் மறுபடி கிளை கழிக்கிறார்கள். ஹார்ன்பீம் அதைத் தாங்கும். நூறு வருடம் விட்டுப்போன பீச் தாங்காது. ஒரே தடவையில் மொட்டையடித்தால் பட்டுப்போகும். அதனால் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். காட்டில் புது வெட்டைப் பார்த்தால் யாரோ அழிக்கிறார்கள் என்று பதற வேண்டாம்.

ஒரு ஹார்ன்பீமைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறத் தண்டு வழவழப்பாக இருக்கும், ஆனால் உருண்டையாக இருக்காது. முறுக்கிய வடம்போல் வரிவரியாகப் புடைத்திருக்கும். கிளைகள் பிரியும் மொத்தையில் பழைய வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறிய தழும்பு. நடுக்குழியில் மழைநீரும் மக்கிய இலையும் தேங்கி, அதில் பாசியும் சில சமயம் ஒரு குட்டிச் செடியும் முளைத்திருக்கும். பீச்சின் பட்டையோ யானையின் கால்தோல் மாதிரி. இலையை வைத்தும் பிரிக்கலாம்: ஹார்ன்பீம் இலையின் ஓரம் அரம்போல் பல் பல்லாக இருக்கும், பீச் இலையின் ஓரம் மெல்ல நெளியும். அந்த மரங்களில் ஏறாதீர்கள். பீச்சின் வேர்கள் மேலோட்டமானவை, அடியில் கூட்டமாக உட்கார்ந்து மிதித்தால் மண் இறுகி மரம் மூச்சுமுட்டும். உங்களுக்கும் ஆபத்துதான். காற்றே இல்லாத கோடை மதியத்தில்கூட முதிய பீச்சும் ஓக்கும் பெரிய கிளையைத் திடீரென்று போட்டுவிடும்.

போன நவம்பரில் நண்பர்களோடு லௌட்டனிலிருந்து எப்பிங் வரை நடந்தோம். மதியம் ஒரு மணிக்குத்தான் கிளம்பினோம். கணுக்கால் வரை சேறு, பாதிவழியில் இருட்டிவிட்டது. எங்கே தவறினோம்?
– மாணவர், கொவென்ட்ரி

கிளம்பிய நேரத்தில்தான் முதல் தவறு. நவம்பர் நடுவில் லண்டனில் சூரியன் மறைவது மாலை 4.10 சுமாருக்கு. மரத்தடியில் அதற்கு அரை மணி முன்பே மங்கிவிடும். அந்தப் பாதை ஏறக்குறைய 10 கி.மீ. காய்ந்த தரையில் இரண்டரை மணி நேரம், சேற்றில் நான்கு. காலை பத்து மணிக்கு லௌட்டனில் இறங்கியிருக்க வேண்டும். நெற்றி விளக்கு ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும், போன் வெளிச்சத்தை நம்பி பேட்டரியைத் தீர்க்காதீர்கள்.

அடுத்தது மண். காடு நிற்கும் முகட்டின் உச்சியில் சரளையும் மணலும், அதனால் தண்ணீர் இறங்கிவிடும். சரிவிலும் பள்ளத்திலும் லண்டன் களிமண், தண்ணீர் அப்படியே நிற்கும். எது எங்கே என்று மரமே சொல்லும். பீச் அடர்ந்த இடம் பெரும்பாலும் மேட்டு நிலம், கால் காயும். ஹார்ன்பீம் மிகுந்தால் களிமண்ணுக்கு வந்துவிட்டீர்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சந்தேகம் வந்தால் பீச் பக்கம் போங்கள்.

ஓட்டப்பயிற்சிக் காலணி களிமண்ணில் வழுக்கும். ஆழமான பள்ளங்கள் உள்ள அடியும், கணுக்கால் மூடும் உயரமும் வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. சேறு வந்தால் ஓரமாக ஒதுங்காமல் நடுவிலேயே நடங்கள். எல்லோரும் ஒதுங்க ஒதுங்கப் பாதை அகன்று வேர்களை மிதிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும்.

வழிகாட்டிப் பலகைகள் குறைவு, ஒற்றையடிப் பாதைகளோ ஏராளம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 174 வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் முன்பே இறக்கிவிடுங்கள். வழி தவறினால் நின்று காது கொடுங்கள். ஏ104 சாலை காட்டின் நீளவாக்கில் ஓடுகிறது, பெரும்பாலும் அதன் இரைச்சல் கேட்கும். காடே அதிகபட்சம் 4 கி.மீ. அகலம்தான், ஒரே திசையில் நடந்தால் ஏதாவது ஒரு சாலை வந்துவிடும்.

லௌட்டன் கேம்ப் இரும்புக் காலக் கோட்டை என்றார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லையே?
– வாசகி, வெம்ப்ளி

கோடையில் போயிருப்பீர்கள். அது கல்கோட்டை இல்லை, மண்கோட்டை. சுமார் 2,500 வருடத்துக்கு முன் அகழி தோண்டி, அந்த மண்ணை உள்பக்கம் கரையாகக் குவித்தார்கள். இன்று கரை சரிந்து அகழி சருகால் நிரம்பியிருக்கிறது. இலை உதிர்ந்த பிறகு, டிசம்பரிலிருந்து மார்ச் வரை, காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். நடுவில் நிற்காமல் அகழிக்குள் இறங்கி அதன் வழியே நடங்கள். ஒரு பக்கம் கரை உயர்வதும், பாதை வளைந்து வளைந்து ஒரு வட்டத்தை மூட வருவதும் அப்போது காலுக்கே தெரியும். எப்பிங் பக்கத்தில் உள்ள ஆம்ப்ரஸ்பரி பேங்க்ஸும் இதே வகைதான். ரோமரை எதிர்த்த பூடிக்கா ராணியின் கடைசிப் போர் அங்கே நடந்தது என்பது ஊர்க்கதை, சான்று இல்லை.

காளான் பறிக்கலாமா? உலர்ந்த விறகு எடுத்து அடுப்பு மூட்டிச் சமைக்கலாமா?
– வாசகர், சவுத்தால்

மூன்றும் கூடாது. காளான் பறித்தால் வழக்கே போடுவார்கள். விழுந்து கிடக்கும் கட்டைக்குள்தான் ஸ்டேக் பீட்டில் எனும் கொம்பு வண்டின் புழு வருடக்கணக்கில் வளர்கிறது. இந்தக் காட்டுக்கு உயர்ந்த சட்டப் பாதுகாப்பு கிடைத்ததற்கு அந்த வண்டும் ஒரு காரணம். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஃபிளாஸ்கில் காபி.

பையனை அழைத்துப் போனபின் தொடையில் கறுப்புப் புள்ளி போல உண்ணி ஒட்டியிருந்தது. எண்ணெய் தடவினோம். சரியா?
– வாசகி, ஹாரோ

சரியில்லை. எண்ணெயோ சூடோ பட்டால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நசுக்காமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடித்த தேதியைக் குறித்துவையுங்கள். மூன்று நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ, காய்ச்சல் போல் இருந்தாலோ, உடனே ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அடுத்த முறை கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் என்று தேடிப் பாருங்கள்.

எஸ்ஸெக்ஸில் இருக்கும் காட்டை சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி பராமரிப்பது எப்படி?
– வாசகர், மேனர் பார்க்

பதில் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1850களில் மாநகராட்சி தன் இடுகாட்டுக்காக மேனர் பார்க் அருகே ஆல்டர்ஸ்புரூக் பண்ணையை வாங்கியது. அந்தப் பண்ணையோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்தது. ஒரு கிராமத்து உரிமைக்காரர் காடு முழுவதிலும் மேய்க்கலாம் என்பது பழைய வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, காட்டை வேலியடைத்தவர்கள் மேல் 1871இல் வழக்குப் போட்டார்கள். 1874இல் தீர்ப்பு: 1851க்குப் பிறகு அடைத்ததெல்லாம் சட்டவிரோதம். 1878 சட்டம் காட்டை மாநகராட்சியின் பொறுப்பில் விட்டது. 1882 மே 6 அன்று விக்டோரியா மகாராணி காட்டுக்குள் இருக்கும் ஹை பீச் என்ற ஊருக்கு வந்து காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

மேய்ச்சல் இன்றும் தொடர்கிறது. நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகள் வேலி இல்லாமல் மேய்வதைப் பார்ப்பீர்கள். கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் கருவி இருக்கும். எல்லையை நெருங்கினால் ஓசை எழும். அதையும் மீறினால் ஒரு சிறு மின் அதிர்வு. மாடுகள் சாதுதான். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் போகாதீர்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.