கர்ப்பமும் தைராய்டும்: வாசகியர் கேள்விகள்

வாசகி, திருச்சி: தைராய்டு குறைபாட்டுக்குத் தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். நேற்று வீட்டிலேயே பரிசோதித்ததில் கர்ப்பம் என்று தெரிந்தது. டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் ஆகும். அதுவரை இதே அளவு போதுமா?

பெரும்பாலும் போதாது. மூன்று வாரம் காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் போனில் பேசுங்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் 4 முதல் 6 வாரத்துக்குள்ளேயே தைராக்ஸின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன், உங்கள் மாத்திரையில் இருப்பதும் இதுதான்) தேவை ஏறத் தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் பெருகும்போது, ரத்தத்தில் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதமும் பெருகுகிறது. நல்ல தைராய்டு கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அது முடியாது. கருவின் தைராய்டோ ஏறக்குறைய 12-வது வாரத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குக் கிடைப்பது உங்கள் தைராக்ஸின் மட்டுமே.

அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, கர்ப்பம் தெரிந்ததுமே வாரத்துக்கு 2 மாத்திரை கூடுதலாக, அதாவது 7-க்குப் பதில் 9 எடுக்கலாம். உங்கள் கணக்கில் வாரத்துக்கு 350 மைக்ரோகிராம் என்பது 450 ஆகும். இதைச் சொல்லியே டாக்டரிடம் கேளுங்கள். தைராக்ஸின் குறைந்தால் ரத்தத்தில் ஏறும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும். பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறையும், 30-வது வாரத்தையொட்டி ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை தேவை.

அளவைக் கூட்டிய பிறகும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லையா? முதலில் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் தைராக்ஸினோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு, அதை ரத்தத்தில் சேரவிடாது. 4 மணி நேர இடைவெளி கட்டாயம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம், இரவு இரும்புச்சத்து. காலையில் மசக்கை வாந்தி படுத்தினால், தைராய்டு மாத்திரையை இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாமா, அப்போது இரும்புச்சத்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகி, தூத்துக்குடி: உப்பளத்துக் கல் உப்புதான் எங்கள் சமையலுக்கு. கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்குமே, கர்ப்பிணிக்கு அது போதாதா?

தைராய்டு தைராக்ஸினைத் தயாரிக்க அயோடின் வேண்டும். ஆனால் கடல்நீரில் அது இருந்தாலும், உப்பாக விளைந்து கைக்கு வரும்போது அதில் மிஞ்சுவது மிக மிகக் கொஞ்சம். இந்துப்பும் அப்படித்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றப் பெரியவர்களுக்கு 150. கர்ப்பத்தில் சிறுநீரில் வெளியேறும் அயோடினும் கூடுகிறது, குழந்தைக்கும் பங்கு போகிறது.

கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பில் 75 கிடைக்கும். கொதிக்கும்போது அதிலும் கொஞ்சம் போகும். அதற்காக உப்பைக் கூட்டாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். பால், தயிர், முட்டை, கடல் மீன் ஆகியவற்றால் மீதியை நிரப்புங்கள். மீனும் பாலும் சேர்க்காதவர்கள், அயோடின் உள்ள சத்து மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கடற்பாசி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் அயோடின் அளவு தாறுமாறாக இருக்கும். அளவு மீறினாலும் தைராய்டு முடங்கும்.

கல் உப்பை விட மனமில்லை என்றால், அயோடின் கலந்த கல் உப்பே கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதை அலசக் கூடாது. தெளித்த அயோடின் படிகத்தின் மேல்பரப்பில்தான் இருக்கிறது, தண்ணீரோடு போய்விடும். மூடியுள்ள ஜாடியில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

வாசகி, மதுரை: குழந்தை பிறந்து 5 மாதம். ஓயாத அசதி, முடி கொட்டுகிறது. எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறார்கள்.

முடி உதிர்வது இந்த மாதங்களில் பலருக்கும் உண்டு. ஆனால் அசதியும் சேர்ந்திருப்பதால் டி.எஸ்.ஹெச். பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு அழற்சி வரும்: முதலில் படபடப்பு, பிறகு சோர்வும் மனச்சோர்வும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும், ஆனாலும் வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். தைராக்ஸின் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் தாய்ப்பால் கொடுக்கலாம். முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவரானால், சோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள், அது டி.எஸ்.ஹெச். அளவைக் குறைத்துக் காட்டும்.