வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. சேரலாமா?

கேள்வி: பி.காம். முடித்து நாலு வருஷமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுக்கும் வேலை) இருக்கிறேன். எம்.பி.ஏ. இருந்தால்தான் மேனேஜர் ஆகலாம் என்கிறார்கள். வேலையை விட்டுச் சென்னையில் முழுநேரமாகப் படிப்பதா, வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படிப்பதா? அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: தங்கச்சி, முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. இதே தோல் தொழிலில் மேலே போக ஆசையா, இல்லை வங்கி, ஐ.டி. என்று வேறு பக்கம் தாவ நினைக்கிறீர்களா?

தாவுவது என்றால் முழுநேரப் படிப்புதான் சரி. அந்த இரண்டு வருஷத்தில் பாடத்தைவிடப் பெரிது, நடுவில் வரும் இன்டர்ன்ஷிப்பும் கடைசியில் கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளும்தான், அவை எல்லாக் கல்லூரிக்கும் வருவதில்லை. அதனால் வேலையில் இருந்தபடியே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளான கேட் (CAT, அகில இந்திய அளவில்), டான்செட் (தமிழ்நாட்டு அளவில்) இரண்டையும் எழுதிப் பாருங்கள். கேட் நவம்பர் கடைசியில் நடக்கும், விண்ணப்பம் ஆகஸ்டிலேயே திறந்துவிடும். நல்ல மதிப்பெண் வந்து நல்ல இடம் கிடைத்தால் தயங்காமல் போங்கள். வராவிட்டால், எங்கேயோ ஒரு மேனேஜ்மென்ட் சீட்டுக்காகக் கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள். ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் அப்படி விட்டுவிட்டு, படிப்பு முடிந்து பழைய சம்பளத்துக்கே திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இதே தொழில்தான் என்றால் வேலையிலேயே இருங்கள். சரக்கு வாங்கும் பையரோடு மெயிலில் மல்லுக்கட்டி, சாம்பிள் அப்ரூவல் வாங்கி, காஸ்டிங் (செலவுக் கணக்கு) போட்டு, ஷிப்மென்ட் தேதியைக் காப்பாற்றிய நாலு வருஷம் உங்களிடம் இருக்கிறது. காஸ்டிங் பாடம் வரும்போது நேற்றைய ஆர்டரே உங்களுக்கு உதாரணமாக நிற்கும். ஆன்லைன் என்றால் மட்டமில்லை. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் ஆன்லைனிலோ தொலைநிலையிலோ தரும் பட்டம் நேரில் படித்ததற்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பணம் கட்டும் முன்பு, அந்தப் படிப்பு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், நீங்கள் சேரும் அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், போனில் பேசும் கவுன்சலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் 'எக்ஸிகியூட்டிவ்' என்று பெயர் வைத்த பல படிப்புகள் வெறும் சான்றிதழ்தான், பட்டம் இல்லை. கடைசியில் கையில் தரும் காகிதத்தில் என்ன அச்சாகி இருக்கும் என்று நேராகக் கேளுங்கள்.

வார இறுதி வகுப்பும் உண்டு. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் ஷிப்மென்ட் நெருக்கடி வரும் மாதங்களில் சனிக்கிழமை லீவு கிடைக்குமா என்று மேனேஜரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மேனேஜர் பதவிக்கு ஆன்லைன் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று எச்.ஆர்.இடமும் கேட்டு வையுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள், ராத்திரி இரண்டு மணி நேரம் உங்களுக்கு அடுப்படி வேலை கிடையாது என்று.

பணத்துக்கு, அப்பாவின் பி.எஃப். மேல் கை வைக்காதீர்கள். முழுநேரம் சேர்ந்தால் கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வாங்க வழி இருக்கிறது, தவணையும் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தொடங்கும்.