புது ஆபீஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பதினான்கு பேர் வேலை பார்க்கும் கணக்கு அலுவலகம். கல்லுக்கட்டிப் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்றை 25,000 ரூபாய் வாடகைக்குத் தருகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். இடம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் அந்த வீடு யாருடையது என்று விசாரியுங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் ஒருவர் பெயரில் இருப்பதில்லை. பங்காளிகளில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில் இருப்பார், சாவி உள்ளூரில் ஒருவரிடம் இருக்கும். சாவி வைத்திருப்பவர் வாடகைக்கு விடும் உரிமை உள்ளவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அது வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாளைக்கு இன்னொரு பங்காளி ஊருக்கு வந்து "என்னைக் கேட்காமல் யார் விட்டது" என்று நின்றால், கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கப்போவது நீங்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரருக்கு வாடகை போகிறது என்றால் வரிப் பிடித்தத்துக்கான விதியே வேறு. அதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் அதிகம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற அந்த இடத்தில்தான் பத்து மாதம் உள்ளே நுழைகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சம்மதம். அதனால் கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள். காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்திலும் அந்த வரியை எழுதி வாங்குங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஈ.பி. இதை யாரும் கேட்பதில்லை, அடி விழுவதும் இதில்தான். குடியிருந்த வீடு என்பதால் இணைப்பு வீட்டு விகிதத்தில் இருக்கும். "அப்படியே இருக்கட்டும், பில் கம்மியா வரும்" என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு இணைப்பில் அலுவலகம் நடத்துவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன் கீழ் வரும். உரிய விகிதத்தைப்போல் இரண்டு மடங்கு கட்டச் சொல்வார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். விகித மாற்றத்தை உரிமையாளரே விண்ணப்பித்து முடித்துத் தரட்டும். ஏ.சி. போடப்போகிறீர்கள் என்றால் த்ரீ ஃபேஸ் இருக்கிறதா, அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்பதையும் பழைய பில்லை வாங்கிப் பாருங்கள்.

இனி வீட்டுக்குள் போவோம். தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், சாமான் இறக்கும் நாளில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்த்த கல் அது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. இரும்பு பீரோவை ஒருமுறை இழுத்தால் விழும் கோடு பிறகு போகாது. இன்றைக்குப் புதுக் கல் வாங்கிப் பதித்தாலும் எண்பது வருடத் தரையின் நிறத்தோடு சேராது, தனியாகத் தெரியும். சணல் சாக்கு விரித்து, அதன்மேல் ப்ளைவுட் போட்டு, பீரோவைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். சுவரும் அப்படித்தான். சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சில் ட்ரில் போட்டால், பிறகு சிமென்ட் வைத்து அடைத்த இடம் திட்டாக நிற்கும். ஒயரைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியிலேயே கேசிங்கில் ஓட்டுங்கள். எங்கெங்கே துளை போடலாம் என்று உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். குடிபோகும் முன்பே ஒவ்வொரு அறையின் தரையையும் தூண்களையும் கதவுகளையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவைத்தால், காலி செய்யும்போது ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு உங்கள் அட்வான்ஸில் கைவைக்க முடியாது. இந்த வீடுகள் இன்னொரு தலைமுறைக்கும் நிற்க வேண்டும் என்பதாலும் இவ்வளவு சொல்கிறேன்.

அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது. முகப்பில் ஒரு செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வைத்துவிட்டு, இன்னொரு போனோடு இரண்டாம் கட்டு வரை நடந்து பாருங்கள். எங்கே அறுகிறதோ அங்கிருந்து கேபிள் செலவு ஆரம்பம். முற்றம் திறந்தவெளி என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் எவ்வளவு தூரம் வரும் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் மேசை போடலாமா கூடாதா என்பது அதை வைத்துத்தான்.

இன்னொரு செலவும் உண்டு. உரிமையாளருக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் உங்களுக்கு இருந்தால், வாடகைக்கான 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டும். கடை, அலுவலகக் கட்டடங்களுக்கு இது 2024 அக்டோபர் 10 முதல் வந்தது. 25,000 ரூபாய்க்கு மாதம் 4,500. தகுதி இருந்தால் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுக்கலாம். ஆனால் பணம் முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

கேள்வி: மதுரையிலிருந்து அலுவலகத்தைக் காரைக்குடிக்கே கொண்டுவருகிறோம். ஒரு பேக்கர்ஸ் போனிலேயே 18,000 சொன்னார்கள். இன்னொருவர் நேரில் வந்து பார்த்து 31,000 என்கிறார். எதை எடுப்பது?
- வாசகர், மதுரை

பதில்: நேரில் வந்து பார்த்தவரோடு பேசுங்கள். சாமானைப் பார்க்காமல் சொன்ன தொகை ஏற்றும் நாளில் அப்படியே நிற்காது. "மாடி என்று சொல்லவில்லையே", "பெரிய வண்டி இந்தத் தெருவுக்குள் வராது, குட்டி யானை தனி" என்று ஒவ்வொன்றாக ஏறும். 31,000-த்தில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள்: பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மேசைகளைக் கழற்றி மாட்டுவது, ஜி.எஸ்.டி. ஆடியிலோ மார்கழியிலோ மாற உங்களுக்குத் தடையில்லை என்றால் அந்த மாதங்களில் விலை கேளுங்கள். வேலை குறைவான காலம், நிச்சயம் இறங்கி வருவார்கள்.

சாமான் விவரமும் மதிப்பும் எழுதி நீங்கள் கையெழுத்திடும் படிவத்தில் மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். 2011-ம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, சேதத்துக்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாக லாரி வாடகையைப்போல் பத்து மடங்கு வரைதான், அதுவும் நீங்கள் எழுதிய மதிப்பைத் தாண்டாது. நான்கு லட்சம் பெறும் சாமானுக்கு 50,000 என்று எழுதினால், எல்லாமே போனாலும் 50,000-க்கு மேல் கேட்க வழியில்லை. பில்லில் எஃப்.ஓ.வி. என்று, சாமான் மதிப்பை வைத்து லாரி நிறுவனம் வாங்கும் ஒரு தொகை இருந்தால் அதை இன்சூரன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் என்றால் காப்பீட்டு நிறுவனம் தந்த பாலிசி எண் இருக்கும், வண்டி கிளம்பும் முன் அதைக் கேளுங்கள். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதின் நகல் கையில் இருக்கட்டும். சாமான் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால், விற்பனை இல்லை என்றாலும் சாமானோடு போக வேண்டிய டெலிவரி சலானும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எடுக்கும் இ-வே பில்லும் எடுத்துவிடுங்கள். சர்வரையும் ஹார்டு டிஸ்க்குகளையும் லாரியில் ஏற்ற வேண்டாம், உங்கள் காரில் வரட்டும்.

கேள்வி: முகவரி மாற்றத்தை எப்போது தெரிவிக்க வேண்டும்?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஜி.எஸ்.டி.யில் மாறிய 15 நாளுக்குள். ஒப்பந்த நகலும் ஈ.பி. பில்லும் வேண்டும், அதனால் அவற்றை முன்பே வாங்கிவையுங்கள். தமிழ்நாட்டுக்குள் மாறினால் எண் மாறாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பதிவு அலுவலகம் மாறினால் கம்பெனிப் பதிவாளரிடம் ஐ.என்.சி. 22 படிவத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஊரே மாறுகிறது என்றால் போர்டு தீர்மானம் போதாது, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவை.

கேள்வி: தேவகோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை மாற்றும்போது மெஷினைக் கீழே போட்டுவிட்டார்கள். "நாங்கள் பொறுப்பில்லை என்று பில்லிலேயே இருக்கிறது" என்கிறார்கள். விட்டுவிடுவதா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: விடாதீர்கள். பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டப் பொறுப்பு போய்விடாது. புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மெஷின் சர்வீஸ் செய்பவரிடம் சேத மதிப்பீட்டை லெட்டர்பேடில் வாங்குங்கள்.

பெரிய நிறுவனங்கள் வணிகத்துக்காகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தடை வரலாம். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்றால் நீங்கள் நுகர்வோர் என்று வாதிடலாம். "பிழைப்புக்காக நானே நடத்தும் கடை" என்று புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணுக்கு ஒருமுறை பேசிப் பாருங்கள்.